குளச்சல் கிணற்றுத் தண்ணீரும் ஊதாவிலேயே நின்றுபோன டைட்ரேஷனும்

குளச்சல் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் இடிடிஏ டைட்ரேஷன் செய்திருக்கிறாள். உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்போது எவ்வளவு செலவானது என்று பார்க்கும் சோதனை அது. 50 மி.லி. தண்ணீருக்கு 0.01 மோலார் இடிடிஏ முதல் முறை 18.4 மி.லி., அடுத்து 19.3, அப்புறம் 18.9. கடைசியில் நீலம் வரவேண்டிய இடத்தில் நிறம் ஊதாவிலேயே நின்றுவிடுகிறது. கால்சியத்துக்கு மட்டும் தனியாகச் செய்தபோது 6.2 மி.லி. வந்திருக்கிறது. எங்கே தவறு, மொத்தக் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவு) தெரிந்த பிறகு கால்சியத்தைத் தனியே ஏன் பார்க்க வேண்டும், இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது: இவைதான் அவளுடைய கேள்விகள்.

மக்களே, அந்த மூன்று அளவையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடாதே. 18.4-க்கும் 19.3-க்கும் நடுவே 0.9 மி.லி. இடைவெளி இருக்கிறது. பியூரெட்டிலிருந்து (இடிடிஏ-வைச் சொட்டாக விடும், அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. அப்படியானால் பதினெட்டு சொட்டு வித்தியாசம். கை பழகாதவர்கள் செய்தாலும் இரண்டு மூன்று சொட்டுக்குள் ஒத்துப்போக வேண்டிய சோதனை இது. இவ்வளவு விலகினால் கையைக் குறை சொல்லாதே, குடுவைக்குள் ஏதோ நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சராசரி எடுத்தால் தவறு எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இடிடிஏ மூலக்கூறு ஒரு உலோக அயனியை ஆறு இடங்களில் பிடிக்கும்: இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். இப்படிப் பிடிக்கும் சேர்மங்களுக்குக் கீலேட் என்று பெயர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குளச்சல்காரிக்கு நண்டுப்பிடி எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கால்சியமோ மெக்னீசியமோ இரும்போ, ஒரு உலோக அயனிக்கு ஒரு இடிடிஏ, அதுதான் கணக்கு. அயனியின் மின்சுமை இரண்டா மூன்றா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. இந்த எளிமைக்காகத்தான், 1940-களின் நடுவில் சூரிக்கில் கெரால்ட் ஷ்வார்சன்பாக் இதை டைட்ரேஷனுக்குக் கொண்டுவந்தபோது உலகமே இதற்கு மாறியது. அதற்கு முன்னால் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, நுரை நிற்கிறதா என்று பார்த்துத்தான் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்தார்கள். உப்புத் தண்ணீரில் துணி துவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்கிற அதே சோதனை.

நிறம் எங்கிருந்து வருகிறது? நீ போட்ட எரியோகுரோம் பிளாக் டி என்பது ஒரு சாயம். பிஹெச் (கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 10-இல் அது தனியாக இருந்தால் நீலம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒயின் சிவப்பு. யார் யாரை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார்கள் என்பதற்கு நிலைப்பு மாறிலி என்ற எண் உண்டு. நம் கணக்கில் சொன்னால், சாயத்துக்கும் கால்சியத்துக்கும் இடையே சுமார் இரண்டரை லட்சம். சாயத்துக்கும் மெக்னீசியத்துக்கும் ஒரு கோடி. இடிடிஏ-வுக்கும் மெக்னீசியத்துக்கும் சுமார் ஐம்பது கோடி. இடிடிஏ-வுக்கும் கால்சியத்துக்கும் சுமார் ஐயாயிரம் கோடி.

இந்த நான்கு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டைட்ரேஷன் முழுக்கப் புரிந்துவிடும். இடிடிஏ விழ விழ முதலில் கால்சியம் போகும், அது தீர்ந்ததும் தனியாகத் திரியும் மெக்னீசியம் போகும். கடைசியாகச் சாயத்தின் கையில் இருக்கும் கொஞ்சம் மெக்னீசியத்தை இடிடிஏ பிடுங்கும். சாயம் விடுபட்ட அந்த நேரத்தில்தான் நீலம். ஆக, நீ கண்ணால் பார்க்கும் நிறமாற்றம் மெக்னீசியம் காட்டுவது. தண்ணீரில் மெக்னீசியமே இல்லாவிட்டால் முடிவு நிலை தெளிவாக வராது, கால்சியத்தைச் சாயம் அவ்வளவு தளர்வாகத்தான் பிடித்திருக்கிறது. தூய கால்சியம் கார்பனேட்டை வைத்து இடிடிஏ-வைத் தரப்படுத்தும்போது பிள்ளைகள் திணறுவது இதனால்தான். தாங்கல் கரைசலில் (பிஹெச் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) கொஞ்சம் மெக்னீசியம்-இடிடிஏ உப்பைச் சேர்த்து வைத்தால் அந்தத் தொல்லை போய்விடும். உன் கிணற்றுத் தண்ணீரில் மெக்னீசியம் தாராளமாக இருக்கிறது, உன் அளவுகளே அதைச் சொல்கின்றன. அதனால் ஊதாவுக்குக் காரணம் இது இல்லை.

அடுத்து பிஹெச். இடிடிஏ ஒரு உலோகத்தைப் பிடிக்கும்போதெல்லாம் தன்னிடமிருந்த ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும். தாங்கல் கரைசல் இல்லாவிட்டால் சொட்ட சொட்டக் கரைசல் அமிலமாகிக்கொண்டே போகும். அமிலம் ஏறினால் இடிடிஏ-வின் கைகளில் ஹைட்ரஜன் உட்கார்ந்துகொள்ளும், மெக்னீசியத்தைப் பிடிக்கும் வலு குறையும், சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுவது இழுத்துக்கொண்டு ஊதாவில் நீளும். பிஹெச் 11-ஐத் தாண்டினாலோ சாயமே ஆரஞ்சாகத் திரும்பத் தொடங்கும், மெக்னீசியமும் ஹைட்ராக்சைடாகப் படியப் பார்க்கும். அதனால்தான் 10.

இந்த 10-ஐப் பிடித்து வைத்திருப்பது அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் கலந்த கரைசல். 17.5 கிராம் அம்மோனியம் குளோரைடு, 142 மி.லி. அடர் அம்மோனியா, தண்ணீர் சேர்த்து மொத்தம் 250 மி.லி., பழைய ஆய்வகப் புத்தகங்களிலிருந்து வரும் கணக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மோனியா ஆவியாகும். நம் ஊர் வெயிலில், மூடி தளர்ந்த பாட்டிலில், ஒரு செமஸ்டர் முழுக்க மேசைமேல் நிற்கும் தாங்கல் கரைசலை நம்பவே கூடாது. மூடியைத் திறந்ததும் மூக்கில் சுள்ளென்று ஏறவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மூக்கு அளவுகோல் இல்லைதான். சோதனைத் தண்ணீரில் 1 அல்லது 2 மி.லி. சேர்த்துப் பிஹெச் மீட்டரில் பார், 10 வரவில்லை என்றால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரி. உன் ஊதாவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டாவது சந்தேகம் சாயத்தின்மேல். எரியோகுரோம் பிளாக் டி-யைக் கரைசலாக வைத்தால் காற்றுப் பட்டு நாளாக நாளாகக் கெட்டுப்போகும். கெட்ட சாயம் பளிச்சென்ற சிவப்பும் காட்டாது, பளிச்சென்ற நீலமும் காட்டாது, எப்போதும் ஒரு அழுக்கு ஊதாதான். அரை கிராம் சாயத்தை 100 கிராம் சோடியம் குளோரைடுடன் சேர்த்துக் கல்வத்தில் நன்றாக அரைத்து, ஈரம் படாத குப்பியில் வைத்துக்கொள். ஒவ்வொரு முறையும் கரண்டி நுனியில் ஒரு சிட்டிகை போதும். பலரும் நிறம் தெரியட்டும் என்று அள்ளிப் போடுகிறார்கள், போடப் போட முடிவு நிலை மங்கத்தான் செய்யும்.

மூன்றாவது, இரும்பு. குமரி மாவட்டத்துச் செம்மண் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இறைத்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் குடத்தில் ஒரு ராத்திரி நின்றால் பழுப்பு படியும். இரும்பு எரியோகுரோம் சாயத்தைப் பிடித்தால் லேசில் விடாது. இடிடிஏ எவ்வளவு விட்டாலும் சாயம் விடுபடாமல் நிற்கும். அலுமினியம், செம்பு, நிக்கல், கோபால்ட் இவையும் இதே வேலையைச் செய்யும். சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் உன் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வை. காலையில் அடியிலோ ஓரத்திலோ பழுப்புப் படலம் இருந்தால் இரும்புதான் குற்றவாளி. அப்படி இருந்தால், தாங்கல் கரைசல் சேர்ப்பதற்கு முன்னால், தண்ணீர் லேசான அமிலமாக இருக்கும்போதே, ட்ரைஎத்தனாலமைன் ஒரு மி.லி. விட்டுக் கலக்கு. அது இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்து ஒதுக்கி வைத்துவிடும். சில புத்தகங்களில் பொட்டாசியம் சயனைடு போடச் சொல்லியிருக்கும். அந்தப் பக்கமே போகாதே. ஒரு கிணற்றின் கடினத்தன்மையைத் தெரிந்துகொள்வதற்காக யாரும் சயனைடைத் தொட வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மணவாளக்குறிச்சி, சின்னவிளை கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணல் கிணற்றில் இறங்கித்தான் தண்ணீரில் இரும்பு வருகிறது என்பார்கள். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. சாதாரணக் கிணற்றுத் தண்ணீரில் அது எளிதில் கரையாது. அதைக் கரைக்க ஆய்வகத்தில் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், சூடான அடர் அமிலம் இல்லாமல் அது அசையாது. கரைத்த பிறகு அதிலுள்ள உலோகத்தையும் டைட்ரேஷனில்தான் அளப்போம், ஆனால் அது வேறு வகை. இரும்பை ஃபெரஸ் நிலைக்கு இறக்கி டைகுரோமேட்டால் பார்ப்பார்கள். டைட்டானியத்தை அலுமினியம் போட்டு ஊதா நிற மூன்று-இணைதிற நிலைக்கு இறக்கி, காற்றுப் படாமல் காத்து, ஃபெரிக் உப்பால் பார்ப்பார்கள். தயோசயனேட் போட்டிருப்பதால் முடிவில் ஒரு சொட்டு ஃபெரிக் மிஞ்சியதும் சிவந்துவிடும். அங்கே எலக்ட்ரான் கைமாறுகிறது, நம் இடிடிஏ சோதனையில் பிடி மட்டும்தான் கைமாறுகிறது. 1909-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தோரியம் கொண்ட கனிமத்தைக் கண்டதிலிருந்துதான் மணவாளக்குறிச்சியின் மணல் கதையே தொடங்குகிறது. நாம் செருப்பிலிருந்து தட்டிவிட்டுப் போகும் மணலை ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். சரி, கிணற்றுக்கு வருவோம்.

நான்காவது காரணம்தான் உன் மூன்று அளவுகளும் சிதறியதற்குப் பெரும்பாலும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அது நேரம். தாங்கல் கரைசலை விட்டதும் தண்ணீர் காரமாகிறது. தண்ணீரில் பைகார்பனேட் இருந்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத மென்படிவாகக்கூட இருக்கலாம். படிந்த கால்சியத்தை இடிடிஏ உடனே பார்க்காது, அதனால் நீலம் சீக்கிரமே வந்துவிடும். நீ பியூரெட்டைப் படித்து எழுதி முடிப்பதற்குள் படிவு மெல்லக் கரைந்து நிறம் மறுபடி சிவக்கும். இன்னும் இரண்டு சொட்டு, மறுபடி நீலம், மறுபடி சிவப்பு. ஒருவர் முதல் நீலத்தில் நிறுத்துவார், இன்னொருவர் மூன்றாவது நீலத்தில் நிறுத்துவார். ஆளுக்கு ஒரு அளவு.

அதனால் தாங்கல் கரைசல் விட்டதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அப்படி முடிக்க வேண்டுமானால் டைட்ரேஷனுக்கு 15 மி.லி.-க்கு மேல் இடிடிஏ செலவாகாதபடி தண்ணீரின் அளவைக் குறைக்க வேண்டும். உனக்கு 18, 19 ஆகிறது. 50 மி.லி. எடுத்தது அதிகம். 25 மி.லி. எடுத்து, 25 மி.லி. வாலை வடிநீர் சேர்த்துக்கொள்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், அப்படியே செய்து பார். முதல் முறை வேகமாக ஒரு தோராய அளவு எடு. 9.4 பக்கம் வரும். இரண்டாம் முறை, தாங்கல் கரைசலும் சாயமும் போடுவதற்கு முன்பே 8 மி.லி. இடிடிஏ-வைக் குடுவையில் விட்டுவிடு. தண்ணீர் இன்னும் காரமாகவில்லை, கார்பனேட் படிய வழியில்லை, கால்சியத்தின் பெரும்பகுதியை இடிடிஏ இப்போதே பிடித்துவிடும். அப்புறம் தாங்கல் கரைசல் 1 மி.லி., சாயம் ஒரு சிட்டிகை. மிச்சமிருக்கும் ஒன்றரை மி.லி.-ஐ மட்டும் பொறுமையாகச் சொட்டினால் போதும்.

அந்தக் கடைசி ஒன்றரை மி.லி.-தான் இந்தச் சோதனையின் உயிர். குடுவைக்கு அடியில் வெள்ளை டைல் வை. மஞ்சள் குண்டு பல்புக்குக் கீழே நிற்காதே, ஜன்னல் பக்கம் போ, அந்த பல்பு வெளிச்சத்தில் நீலத்திலும் ஒரு சிவப்புச் சாயல் தெரியும். முதலில் நல்ல ஒயின் சிவப்பு. ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி தோன்றி, குலுக்கியதும் மறையும். முடிவை நெருங்கும்போது அந்தப் புள்ளி மறைய அதிக நேரம் எடுக்கும். அதைப் பார்த்ததும் வேகத்தைக் குறை: ஒரு சொட்டு, குலுக்கல், மனதுக்குள் ஐந்து வரை எண்ணு, அடுத்த சொட்டு. மெக்னீசியம் சாயத்தை விட்டு வருவது கொஞ்சம் மந்தம், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். சிவப்பு முதலில் நாவல்பழச் சாறு நிறமாகும். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், நீயும் இங்கேதான் நின்றிருக்கலாம். இன்னும் ஒன்றிரண்டு சொட்டு. துணிக்குச் சொட்டு நீலம் கலக்கிய வாளித் தண்ணீர்போல, சிவப்பின் சாயல் துளியும் இல்லாத நீலம் வரும். அதுதான் முடிவு. சந்தேகம் இருந்தால் ஏற்கெனவே முடித்து இரண்டு சொட்டு கூடுதலாக விட்ட குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். கண் தனியாக நிறத்தை நினைவில் வைப்பதைவிட, இரண்டு நிறத்தை ஒப்பிடுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: இடிடிஏ கரைசலைக் கண்ணாடி பாட்டிலில் மாதக்கணக்கில் வைக்காதே, மலிவான கண்ணாடியிலிருந்து அது கால்சியத்தை உருவி எடுத்துவிடும், பாலித்தீன் பாட்டில்தான் சரி. வாலை வடிநீரை மட்டும் எடுத்து அதே சோதனையைச் செய்து, வரும் அளவைக் கழித்துவிடு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க எல்லா அளவும் கூடுதலாக வந்தது. கடைசியில் பார்த்தால் பிள்ளைகள் குடுவையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, வடிநீரில் அலசாமல் அப்படியே எடுத்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரின் கால்சியத்தையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தோம்.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கால்சியத்துக்குத் தனியாகச் செய்யும்போது சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பிஹெச்-சை 12-க்கு மேல் ஏற்றுகிறோம். அங்கே மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து விளையாட்டிலிருந்து விலகிவிடும். இடிடிஏ கால்சியத்தை மட்டும் பார்க்கும். மியூரெக்சைடு என்ற சாயத்தைப் போட்டால் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறும். பேட்டன்-ரீடர் சாயம் கிடைத்தால் அதையே பயன்படுத்து, ஒயின் சிவப்பிலிருந்து நீலம், கண்ணுக்கு இன்னும் தெளிவு. இங்கேயும் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு ஒரு கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தபோது, சோடியம் ஹைட்ராக்சைடு விட்ட உடனே குடுவை முழுக்கப் பால் திரிந்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. அவ்வளவும் மெக்னீசியம். டைட்ரேஷன் தொடங்குவதற்கு முன்பே கிணற்றில் என்ன புகுந்தது என்று குடுவை சொல்லிவிட்டது. அப்படித் திரண்டால் அந்தப் படிவு சாயத்தையும் கொஞ்சம் கால்சியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும், அளவு குறைவாக வரும். தண்ணீரை நன்றாக நீர்க்கவைத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஏன் மெக்னீசியம் என்றால் கடல் என்று சொல்கிறேன்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 410 மி.கி. கால்சியம், ஆனால் மெக்னீசியம் சுமார் 1,290 மி.கி. அயனிகளின் எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு கால்சியத்துக்கு ஐந்து மெக்னீசியம். நிலத்து நன்னீரில் பொதுவாகக் கால்சியம்தான் கூட இருக்கும். மொத்தக் கடினத்தன்மை என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. சிப்பியும் சுண்ணாம்பும் கரைந்து வந்த லிட்டருக்கு 380 மி.கி. கடினத்தன்மையும், கடல் புகுந்து வந்த 380-உம் அந்த எண்ணில் ஒன்றுதான். சோப்பும் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் நுரைக்காமல் நிற்கும். இரண்டு முறை டைட்ரேஷன் செய்து கழித்துப் பார்த்தால்தான் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பேசத் தொடங்கும்.

உன் அளவுகளையே எடுத்துக்கொள்வோம், சரிசெய்து திரும்பச் செய்யும்வரை தற்காலிகமாக. 0.01 மோலார் இடிடிஏ 1 மி.லி. என்பது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். உலோகமாகச் சொன்னால் 0.4 மி.கி. கால்சியம் அல்லது 0.243 மி.கி. மெக்னீசியம். 50 மி.லி.-க்கு 18.9 என்றால் லிட்டருக்கு 378 மி.கி. மொத்தக் கடினத்தன்மை. கால்சியம் 6.2 மி.லி., அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 50 மி.கி. மிச்சம் 12.7 மி.லி. மெக்னீசியத்துக்கு, லிட்டருக்கு ஏறக்குறைய 62 மி.கி. எண்ணிக்கையில் ஒரு கால்சியத்துக்கு இரண்டு மெக்னீசியம்.

கழித்துப் பெறும் எண்ணில் ஒரு ஆபத்து உண்டு, மறந்துவிடாதே. மொத்தத்தில் வந்த தவறும் கால்சியத்தில் வந்த தவறும் இரண்டும் மெக்னீசியத்தின் தலையில்தான் விழும். உன் 0.9 மி.லி. இடைவெளி ஒன்றே மெக்னீசியத்தில் லிட்டருக்கு 4 மி.கி.-க்கு மேல் ஆட்டம் காட்டும். அதனால்தான் முதலில் அந்த ஊதாவைச் சரிசெய் என்று இவ்வளவு நேரம் சொன்னேன்.

இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பார்த்ததும் கடல் புகுந்துவிட்டது என்று முடிவுகட்டாதே. நம் மாவட்டத்துப் பாறைகளில் பயோட்டைட், கார்னெட் போன்ற மெக்னீசியம் கொண்ட கனிமங்கள் இருக்கின்றன, அங்கிருந்தும் வரலாம். கரையோர மணலில் சிப்பித் துண்டுகள் கிடக்கும், அவை கரைந்து கால்சியத்தைக் கூட்டி விகிதத்தை மறைக்கவும் செய்யும். இன்னொன்றும் உண்டு: கடல்நீர் புதிதாக நுழையும்போது அதன் சோடியம் களிமண்ணில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்த கால்சியத்தைத் தண்ணீருக்குள் தள்ளும். அப்போது கடல் புகுந்தும் கால்சியம் கூடுதலாகத் தெரியும். விகிதம் ஒரு சாட்சி, தீர்ப்பு இல்லை.

இன்னொரு சாட்சியைக் கூப்பிடு: குளோரைடு. உன் 62 மி.கி. மெக்னீசியமும் கடலிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள். 1,290-இல் 62 என்றால் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு கடல்நீர் கலந்திருக்க வேண்டும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. அதில் ஐந்து பங்கு என்றால் 900-க்கு மேல். அவ்வளவு குளோரைடு இருந்தால் சோதனையே வேண்டாம், பால் விடாத கட்டஞ்சாயாவிலேயே உப்புக் கரிக்கும். மோர் (Mohr) என்ற வேதியியலாளரின் முறையில் வெள்ளி நைட்ரேட்டால் டைட்ரேஷன் செய்து பார்: பொட்டாசியம் குரோமேட்டின் மஞ்சள், செங்கல் சிவப்பாகத் திரும்பும் வரை. 900 பக்கம் வந்தால் கடல்தான். 150, 200 என்று வந்தால் கடலின் பங்கு ஒரு நூறில் ஒன்றுக்கு மேல் போகாது, அது தரும் மெக்னீசியம் 13 மி.கி. அளவுதான். மீதி பாறையும் மண்ணும் கொடுத்தது. எண் எப்படி வந்தாலும் உன் கிணற்றைப் பற்றி முன்பு தெரியாத ஒன்று தெரிந்துவிடும்.

மாதத்தையும் எழுதி வை. நமக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீரும் பங்குனி சித்திரையில் கிணறு தாழ்ந்தபோது எடுத்த தண்ணீரும் ஒன்றாக இராது. கரையோரத்தில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சம்தான் கனம், 1.025-க்கு 1. அந்தச் சின்ன வித்தியாசத்தால், நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டருக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மோட்டார் போட்டு மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் அடியில் உப்பு எவ்வளவு ஏறும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். வருடத்துக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பிறகு ஒன்றும், மொத்தம், கால்சியம், குளோரைடு என்று மூன்று எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், உன் தெருவுக்கே அது பயன்படும்.

அம்மாவின் கேள்வி. இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் அளவுகோலில் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதி. கால்சியத்துக்கு 75-உம் 200-உம், மெக்னீசியத்துக்கு 30-உம் 100-உம், குளோரைடுக்கு 250-உம் 1,000-உம். உங்கள் கால்சியம் முதல் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மொத்தமும் மெக்னீசியமும் முதல் எல்லையைத் தாண்டி, இரண்டாவதற்குள் நிற்கின்றன. வேறு நல்ல தண்ணீர் கிடைத்தால் குடிக்க அதை எடுத்துக்கொள்வது நல்லது, கிடைக்காவிட்டால் கடினத்தன்மையை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்று சொல். பருப்பு வேக நேரமாகும், சாயாப் பாத்திரத்தில் வெள்ளை படியும், சோப்பு அதிகம் செலவாகும்.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நீ அளந்தது இரண்டு உலோகத்தை மட்டும். கிணற்றில் கழிவுநீர் ஊறுகிறதா, கிருமி இருக்கிறதா என்பதை இந்த நீலம் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை, தண்ணீரைப் பரிசோதிக்கும் அரசு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கட்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் 25 மி.லி. எடுத்து அதையும் ஒரு முறை டைட்ரேஷன் செய்து பார், மொத்தம் குறைந்திருக்கும். குறைந்த அளவு பைகார்பனேட்டாக இருந்து பாத்திரத்தில் படிந்துவிட்ட பங்கு, கொதித்தும் குறையாமல் நிற்பது குளோரைடும் சல்பேட்டும் பிடித்து வைத்திருக்கும் பங்கு. கடல்பக்கத்துத் தண்ணீரில் இந்தக் குறையாத பங்கு பெரிதாக இருக்கும். உன் கிணற்றில் எப்படி என்று அளந்துவிட்டு எழுது, குளோரைடு அளவையும் சேர்த்து.